காரின் குறைகள்

ஜூன் 14, ஞாயிறு

என் பழைய இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரை விற்றுவிடுவதாக மனைவி வசந்தாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். முட்டிவலியோடு அவளால் அதில் குனிந்து ஏற முடிவதில்லை. காலையில் பெருங்களத்தூரிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். தினமும் படுத்தும் வண்டி, இன்று பார்த்து சாவியின் முதல் திருகிலேயே ஸ்டார்ட் ஆனது. எரிச்சலாக வந்தது.

நிருபர் வேலை தந்த புத்தி. அவர் கேட்காமலே எல்லாக் குறையையும் சொன்னேன். மழையில் கூரை ஒழுகும். சிக்னலில் சூடேறி நின்றுவிடும், பானெட்டைத் திறந்துவைத்துக் காத்திருக்க வேண்டும்.

"யோசிச்சு சொல்றேன் சார்" என்று போய்விட்டார்.

"விக்கக் கூப்பிட்டீங்களா, விரட்டக் கூப்பிட்டீங்களா?" என்றாள் வசந்தா.

"உள்ளதைத்தானே சொன்னேன்."

"எல்லாத்தையுமா?"

இல்லை. சிட்லபாக்கம் ஏரித் திருப்பத்தில், மூன்றாவது கியரில், அது உறுமிக்கொண்டு வளையும் சுகத்தைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாங்கியிருப்பார்.