மெதுவாக மிதிப்பவள் முதலில் கிளம்ப வேண்டும்

ஜன. 18, ஞாயிறு

பனி. எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு மட்டும் தெரிந்தது, பஸ் தெரியவில்லை. முதலியார்பேட்டையிலிருந்து கடலூர் ரோட்டில் தவளக்குப்பம் வரை, அங்கே டீ, அப்புறம் இன்னும் கொஞ்ச தூரம், திரும்ப வீடு. கடைசிப் பயிற்சி. முழங்கால் பரவாயில்லை. வலது செருப்பு அறுந்தது.

வழக்கம்போல நான் முன்னால் கிளம்பினேன், மற்ற ஐந்து பேரும் அரை மணி கழித்து. எங்கள் கூட்டத்தில் இருக்கிற ஒரே சட்டம் இது: மெதுவாக மிதிப்பவள் முதலில் கிளம்ப வேண்டும். ஜோஸ்லின் மேடம் போட்டது. பிரெஞ்சு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கூட்டத்தைத் தொடங்கியவரும் அவர்தான். "பின்னாடி வர்றவளுக்காக எல்லாரும் நின்னா அவளுக்கும் கஷ்டம், நமக்கும் கால் புடிச்சுக்கும்" என்பார். ஆறு பேரில் மெதுவானவள் நான். ஆகவே எப்போதும் ரோட்டில் முதல் ஆள் நான். தவளக்குப்பத்தில் எல்லோரும் ஒன்றாகிவிடுவோம். இத்தனை மாதத்தில் ஒரு நாளும் இறங்கித் தள்ளியதில்லை.

சர்ச் பூசையில் சாமியார் அறிவிப்பு. "அந்தமான் தீவுகளுக்கு மிதிவண்டிப் பயணம் போகும் நம் சகோதரிகளையும், அவர்களைப் பத்திரமாக அழைத்துச் செல்லும் சகோதரர் பிலிப்பையும் ஆண்டவர் காப்பாராக." பிலிப், ஜோ. மேடத்தின் தங்கை மகன். அவனுக்கு சைக்கிளே மிதிக்க வராது. அவன் எங்களை அழைத்துச் செல்கிறானாம்.

வெளியே வரும்போது பின்னால் யாரோ: "பேன்ட்டு போட்டுக்குனா போவப் போறாங்க?" திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

ஜன. 20, செவ்வாய்

லீவ் கிடைத்துவிட்டது. எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்துக் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன் மேனேஜர், "இந்த வயசுல எதுக்குக்கா இதெல்லாம்" என்றார். என்ன வயசு. ஐம்பது கூட ஆகவில்லை. அவருக்குத் தொப்பை இறங்கி பெல்ட்டை மறைக்கிறது, அவரை யாரும் கேட்பதில்லை.

பிலிப் எப்படி உள்ளே வந்தான் என்பதை எழுதி வைக்க வேண்டும். ஆறு பேர் மட்டும் போவதாகத்தான் பேச்சு. ஆறு வீட்டிலும் ஒரே கேள்வி, ஆம்பளத் துணை யார் என்று. சத்தம் அதிகம் எங்கள் வீட்டில்தான். என் வீட்டுக்காரர் லுங்கியோடு ஜோ. மேடம் வீட்டு வாசலுக்கே போய் நின்றார். "ஒரு ஆம்பள கூட வந்தா லூர்த அனுப்புறேன். இல்லன்னா இல்ல." அனுப்புகிறாராம். நான் என்ன பார்சலா.

மேடம் தங்கை மகனைக் கூப்பிட்டார். ஏற்பாடு இதுதான்: ஒவ்வொரு தீவிலும் ஒரு வண்டி வாடகைக்கு எடுப்பது, கூடாரம், அரிசி, அடுப்பு எல்லாம் அதில், பிலிப் அதில் உட்கார்ந்து எங்கள் பின்னால் வருவது.

இவருக்கும் பையனுக்கும் செய்து வைத்தது: புளிக்காய்ச்சல். வத்தக்குழம்பு. தக்காளித் தொக்கு. மாவு ரெண்டு டப்பா. கருவாட்டுத் தொக்கு தனியாக, மூடி இறுக்கமாக. இவர் பிரிட்ஜைத் திறந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "மீனு இல்லையா?" என்றார். பிரிட்ஜ் கதவைச் சாத்தினேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு தீவையாவது இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நானே மிதித்துப் போக வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து எங்கே போனாலும் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்தே போயிருக்கிறேன். கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, அம்மா சாவுக்கு. எப்போது கிளம்புவது, எங்கே நிறுத்துவது எல்லாம் முன்னால் இருக்கிற முதுகு முடிவு செய்யும். ஒரு தடவை அந்த முதுகு இல்லாமல் போக வேண்டும். இதை யாரிடமும் சொல்லவில்லை.

ஜன. 23, வெள்ளி. நீல் தீவு

சுள்ளென்று வெயில். விமானம், ஒரு ராத்திரி போர்ட் பிளேரில், அப்புறம் கப்பல். கடல் பச்சையா நீலமா என்று செல்விக்கும் எனக்கும் சண்டை. செல்வி தவளக்குப்பத்தில் தையல் கடை வைத்திருப்பவள், எங்களில் இளையவள், வாய் அதிகம். கழற்றிப் பெட்டியில் வந்த சைக்கிள்களை அவள்தான் மறுபடி பூட்டினாள். எந்த ஸ்பேனர் எதற்கு என்று பிலிப்புக்குத் தெரியவில்லை.

தென்னந்தோப்பில் கூடாரம். கொசு இல்லை, மணல் ஈ இருக்கிறது. அது கொசுவே தேவலை என்று சொல்ல வைக்கிறது.

சமையல் முறை போட்டிருந்தோம், ஆளுக்கொரு வேளை. முதல் முறை எங்கள் கூட்டத்துக் கிளாரா டீச்சர். ரவையை அடிப்பிடிக்க விட்டுவிட்டு மொபைலில் சூரியனைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். தாங்கவில்லை. "குடுங்க டீச்சர், நான் பாத்துக்குறேன்" என்று கரண்டியை வாங்கினேன். ராத்திரிக்கும் நானே.

பிலிப் தட்டோடு முதலில் வந்து உட்கார்ந்தான். எல்லோரும் வழிவிட்டோம். ஆறு பேர் மிதித்துக் களைத்து நிற்கிறோம், வண்டியில் உட்கார்ந்து வந்தவனுக்கு முதல் தட்டு. போட்டது நான்தான். அப்பளம் ஒன்று கூடுதலாக வைத்தேன்.

ஜன. 24, சனி. நீல்

காலையில் உப்புமா, டிரைவரையும் சேர்த்து எட்டுப் பேருக்கு. பாத்திரம் கழுவி நிமிர்ந்தால் தோப்பில் பிலிப்பும் வண்டியும்தான், மற்ற ஐந்து பேரும் கிளம்பிப் போய்விட்டார்கள். கடைசி ஆளாக ஏறி மிதித்தேன். கடைத்தெருவில் தண்ணீர் வாங்க இறங்கினேன். திரும்பினால் என் சைக்கிள் வண்டி மேலே. பிலிப் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறான்.

"இன்னா பண்ற?"

"ஏறுங்க ஆன்ட்டி. எல்லாரும் போய்ச் சேந்துட்டாங்க. உங்களுக்காக அங்க வெயிட் பண்றாங்க."

ஆன்ட்டியாம். அவனுக்கு முப்பத்தெட்டு வயசு. தலையில் பாதி முடி இல்லை.

கடையில் நின்றவர்கள் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். ஏறினேன். ஏன் ஏறினேன் என்று இப்போது வரை எனக்குப் புரியவில்லை. நாலு பேர் முன்னால் சண்டை போட்டால் அசிங்கம் என்று பழக்கிவிட்டார்கள், அதுதான் காரணமாக இருக்கும்.

கடற்கரையில் யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை. கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஜோ. மேடம், "வந்துட்டியா லூர்து, ஆலே, போ, தண்ணில எறங்கு" என்றார் பாதி பிரெஞ்சில், சந்தோஷமாக. என் சைக்கிள் வண்டி மேலே கட்டிக் கிடந்தது அவர் கண்ணில் படவில்லை. படாதா என்ன.

ஜன. 26, திங்கள். ஹேவ்லாக்

மேகம். காட்டுக்குள் ஏறி இறங்குகிற ரோடு. மரங்கள் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம்.

காலையில் மறுபடி நான். யாரும் சொல்லவில்லை, கை தானாகப் போகிறது. எலுமிச்சை சாதம் ஆளுக்கொரு பொட்டலம். பிலிப்புக்கு ரெண்டாவது டீ, முதல் டீயில் சர்க்கரை குறைவாம். பாத்திரம். மறுபடி கடைசி ஆள்.

நடு மேட்டில் மூச்சு வாங்க நின்றேன். தள்ளவில்லை, நின்றேன். பின்னால் ஹார்ன்.

"போதும் ஆன்ட்டி. ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா அங்கிளுக்கு நான்தான் பதில் சொல்லணும்." மொபைலை நீட்டினான். அந்தப் பக்கம் இவர்.

"ஏறிக்கோ லூர்து. அந்தப் புள்ள சொல்றதக் கேளு." கொஞ்சம் நிறுத்தி, "வத்தக்குழம்பு தீந்துடுச்சு. நாளைக்கு இன்னா பண்றது?"

சுற்றிலும் காடு, ஏதோ பறவை கத்துகிறது, நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், இவருக்குக் குழம்பு. "முட்ட வாங்கி ஊத்திக்குங்க" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன். ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். ஆத்திரத்தில் வந்த அழுகை, வேறு எதுவும் இல்லை. டிரைவர் பாட்டைச் சத்தமாக வைத்தான். அந்தப் பிள்ளைக்கு இருக்கிற புத்தி.

சாயங்காலம் செல்வி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, ஊர்ல நீங்கதான முன்னாடி கெளம்புவீங்க. இங்க இன்னாத்துக்குக் கடைசில வர்றீங்க?"

"சமைக்கணும்ல."

"யாரு உங்கள சமைக்கச் சொன்னா?"

"அப்புறம் இன்னாத்துக்குத் தட்ட நீட்டுன?" என்றேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

அதுதான் விஷயம். பிலிப்புக்குச் சமைப்பதால் கடைசியில் கிளம்புகிறேன். கடைசியில் கிளம்புவதால் வண்டியில் ஏற்றுகிறான். ஏற்றிவிட்டு என் நல்லதுக்கு என்கிறான். மற்ற ஐந்து பேரும் தின்றுவிட்டுக் கை கழுவிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள், சட்டம் போட்ட மேடம் உட்பட. அவர் மேல்தான் அதிகக் கோபம். என் மேலும்தான். கரண்டியை யாரும் என் கையில் திணிக்கவில்லை, நானே வாங்கிக்கொண்டேன். வாங்கும்போது பெருமையாகக்கூட இருந்தது.

ஜன. 28, புதன். ஹட்பே

நாள் முழுக்கக் கப்பல். செல்விக்கு வாந்தி, எனக்கு இல்லை. கடைசித் தீவு. ஒரே ரோடு, தீவின் நீளத்துக்கு வடக்கே போய்க் கடலில் முடிகிறதாம். கூடாரம் போட்ட இடம் கடைத்தெருவை விட்டுத் தள்ளி, ரோட்டின் தெற்கு முனையில்.

பிலிப் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினான். "நாளைக்கு தூரம் ஜாஸ்தி. ஆன்ட்டி வண்டிலயே வரட்டும். கடைசில கொஞ்சம் ஓட்டட்டும், ஃபோட்டோ எடுத்துக்கலாம். இங்க முதல வேற இருக்கு."

ஓடை வாயில் போர்டு வைத்திருக்கிறார்கள், முதலை இருக்கிறது, தண்ணீரில் இறங்காதே என்று. நான் தண்ணீரில் இறங்கவா போகிறேன். முதலை தார் ரோட்டில் வந்து நின்று லிஃப்ட் கேட்குமா.

ஐந்து பேரும் மணலைப் பார்த்தார்கள். "காலைல பாக்கலாம்" என்று மட்டும் சொன்னேன். நாளைக்கு விட்டால் அவ்வளவுதான், அதற்கு மேல் தீவு இல்லை.

ஜன. 29, வியாழன். ஹட்பே

விடியும்போதே கிளம்பிவிட்டேன். சைக்கிளை எடுக்க அடுப்பைத் தாண்டிப் போக வேண்டும். கை பாத்திரத்துக்குப் போனது, உண்மையை எழுதுகிறேன். இழுத்துக்கொண்டேன். செல்வி கூடாரத்திலிருந்து தலையை நீட்டினாள்.

"நான் முன்னாடி போறேன்" என்றேன்.

"டிபனு?"

"எனக்குத் தெரியாது."

ரோடு காலியாக இருந்தது. பாக்கு மரம், வாழை, நடுரோட்டில் படுத்த மாடு. இங்கே கிலோமீட்டர் எண்ணே ஊர்ப் பேர், பதினொன்று, பதினாறு என்கிறார்கள். ஒரு கடையில் டீயும் பன்னும். அவசரப்படுத்த ஆள் இல்லை. டீ ஆறும் வரை உட்கார்ந்திருந்தேன்.

பாதி தூரத்தில் ஐந்து பேரும் வந்து சேர்ந்தார்கள், வெறும் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, முகம் கடுகடுவென்று. ஜோ. மேடம் பக்கத்தில் வந்தார்.

"இன்னா லூர்து, சொல்லாமக் கொள்ளாம வந்துட்ட?"

"மெதுவா மிதிக்கிறவ முன்னாடி கெளம்பணும் மேடம். நீங்க சொன்னதுதான்."

கொஞ்ச தூரம் கூடவே மிதித்தார். பிறகு, "ஆமா. பர்தோன்" என்றார். நன்றிக்கு மெர்சி அவர் பேச்சில் நிறைய வரும், மன்னிப்புக்கு பர்தோன் கேட்டு நான் பார்த்ததில்லை.

அப்புறம் வண்டி. ஜன்னலில் பிலிப் தலை. "ஆன்ட்டி, அங்கிள் லைன்ல இருக்காரு."

"இருக்கட்டும்."

"உங்ககிட்ட பேசணுமாம்."

"சாயங்காலம் பேசுறேன்னு சொல்லு."

மிதித்துக்கொண்டே இருந்தேன். பின்னால் ஹார்ன், விடாமல். திரும்பிப் பார்த்தால் எனக்கும் வண்டிக்கும் நடுவில் ஐந்து பேரும் ரோட்டை அடைத்துக்கொண்டு ஆடி அசைந்து வருகிறார்கள். கிளாரா டீச்சர் பாடுகிறார். மாதா பாட்டு. நேற்று எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. முன்னால் பார்த்து மிதித்தேன்.

தார் முடிந்தது. கொஞ்சம் மண். அப்புறம் கடல். சைக்கிளைச் சாய்த்துவிட்டு மணலில் உட்கார்ந்தேன். பிலிப் ஃபோட்டோ எடுக்க வந்தான், வேண்டாம் என்றேன்.

திரும்பியும் மிதித்தே வந்தோம். நான் முன்னால். வண்டி எங்களைத் தாண்டிப் போய்விட்டது.

கூடாரத்துக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. டிரைவர் வண்டியோடு சாப்பிட வீட்டுக்குப் போய்விட்டான். பிலிப் மட்டும் அடுப்புக்குப் பக்கத்தில், அரிசி மூட்டை மேல் சாய்ந்து, வெளுத்த முகத்தோடு. காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை போல. நாங்கள் ஆறு பேரும் மரத்தடியில் படுத்தோம். கிளாரா டீச்சர் பெருமூச்சு விட்டு எழுந்தார்.

"உக்காருங்க டீச்சர்" என்றேன். உட்கார்ந்தார்.

"பெரிம்மா, உங்களுக்கெல்லாம் பசிக்கலையா?" பிலிப்.

"பசிக்குதே" என்றார் ஜோ. மேடம், கண்ணைத் திறக்காமல்.

ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. யாரும் அசையவில்லை. எனக்கும் குடல் இழுத்தது, எழுந்துவிடுவேனோ என்று பயம், இடுப்புக்குக் கீழே கைகளை வைத்து அழுத்திப் படுத்திருந்தேன். பிறகு தீக்குச்சி உரசுகிற சத்தம். மறுபடி உரசுகிற சத்தம்.

"லூர்தக்கா. அரிசிக்கு எவ்ளோ தண்ணி வைக்கணும்?"

படுத்தபடியே சொன்னேன். எழுந்து போய்க் காட்டவில்லை.

குழைத்துவிட்டான். உப்பும் இல்லை. முதல் தட்டை நான் வாங்கினேன். ஊறுகாய் தொட்டுத் தின்றுவிட்டு, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன்.