பத்தியம் முறிந்த நாட்கள்

அனுப்புநர்:
அ. செல்லமுத்து (வயது 36),
த/பெ. அமாவாசை,
மேலத் தெரு, வாகைமேடு,
வேப்பந்தட்டை வட்டம்,
பெரம்பலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் அவர்கள்,
வேப்பந்தட்டை ஒன்றியம்.

பொருள்: வாகைமேடு தொடக்கப் பள்ளி நான்காம் வகுப்பு மாணவி செ. பிரவீணாவின் பெயரை நீக்கியதை ரத்து செய்து, மீண்டும் சேர்த்துக்கொள்ளக் கோருதல் – யார் மீது புகார் என்பது மனுவின் கடைசியில் உள்ளது.

பார்வை: 1. எனது 13.11.2006 நாளிட்ட மனு.
2. தலைமையாசிரியர் வழங்கிய 24.01.2007 நாளிட்ட மாற்றுச் சான்றிதழ்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவை எழுதித் தருமாறு வட்டாட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதும் முருகையன் என்பவரிடம் சென்ற வாரம் போனேன். "யாரு மேலங்க புகாரு?" என்று கேட்டார். மூன்று பெயர் சொன்னேன். அவர் எழுதி முடிப்பதற்குள் மூன்றையும் அடிக்கச் சொன்னேன். "வூட்ல போயி முடிவு பண்ணிட்டு வாங்க" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆகவே நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும். குழப்பம் இருந்தால் அது எழுத்துப் பிழை அல்ல, என் நிலைமையே அதுதான் என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

1. எனக்கும் என் மனைவி பரிமளாவுக்கும் பிரவீணா ஒரே பிள்ளை. வயது ஒன்பது. இருந்த இடத்தில் இருக்க மாட்டாள். சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து எழுந்திருப்பதற்குள் நான்கு முறை வாசலுக்குப் போய்விட்டு வருவாள். கணக்கை வாயால் கேட்டால் பளிச்சென்று சொல்வாள். எழுதச் சொன்னால் பாதியில் பென்சிலைப் போட்டுவிட்டு சன்னலில் ஏறுவாள். பொட்டப்பிள்ளை இப்படியா ஆடும் என்று ஊரில் கேட்டார்கள். வேப்பிலை அடித்தோம். மந்திரித்துக் கயிறு கட்டினோம். அந்தக் கயிற்றை அவிழ்த்து ஓணான் பிடிக்கப் போனாள்.

2. வகுப்பு ஆசிரியை அமிர்தவல்லி அவர்கள் சொன்னதன் பேரில், சென்ற ஜூன் மாதம் திருச்சியில் குழந்தைகள் மனநல மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். அவர் இதற்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர் சொன்னார். கவனம் நிலைக்காமல் உடம்பு ஓடிக்கொண்டே இருக்கிற ஒரு நிலை என்று விளக்கினார். "இது சேட்டையும் இல்லீங்க, உங்க வளர்ப்புக் குறையும் இல்லீங்க" என்றார். என் மனைவி அங்கேயே அழுதுவிட்டாள். எனக்கு அப்போது வந்தது நிம்மதியா பயமா என்று இன்றுவரை தெரியவில்லை. தினமும் காலையில் சாப்பிட்டதும் ஒரு மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார்.

3. மருந்து வாங்கினால் பத்தியம் கேட்காமல் எழுந்து வருவது எங்கள் பக்கத்தில் வழக்கம் இல்லை. ஆகவே, "பத்தியம் என்னங்க டாக்டர்?" என்று கேட்டேன். அதற்குள் அடுத்த பிள்ளை உள்ளே வந்து மேசையைத் தட்டிக்கொண்டிருந்தது. "இனிப்பு, கலர் மிட்டாய் எல்லாம் கொறச்சுக்குங்க, நல்லதுதான்" என்றார். அவர் சொன்னது அவ்வளவே. மீதியை நான் சேர்த்துக்கொண்டேன்.

4. நான் சேர்த்தது இது. சில வருடங்களுக்கு முன் எனக்கு மஞ்சள் காமாலை கண்டபோது, பத்தியம் முறிந்த வயிற்றில் மருந்து நஞ்சாகிவிடும், ஒரு நாள் விட்டுத்தான் மறுபடி கொடுக்க வேண்டும் என்று நாட்டு வைத்தியர் சொல்லியிருந்தார். அந்தச் சட்டத்தையே திருச்சி மாத்திரைக்கும் போட்டேன். மகள் இனிப்புத் தின்றுவிட்டால் மறுநாள் காலை மாத்திரை கிடையாது. இதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை ஐயா. மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கினோம் என்று யாராவது டாக்டரிடம் போய்ச் சொல்வார்களா?

எங்கள் ஊரில் இனிப்பில்லாமல் ஒரு பிள்ளையை வளர்ப்பது எப்படி என்பதையும் தாங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். நான் எறையூர் சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளை வரிசைப்படுத்தும் வேலை பார்க்கிறேன். என் சட்டையிலேயே வெல்லப்பாகு வாசனைதான். அரவை தொடங்கிவிட்டால் பள்ளியின் முன்னால் நாள் முழுக்கக் கரும்பு டிராக்டர்கள் போகும். பின்னால் ஓடிப்போய் ஒரு கரும்பை உருவாத பிள்ளை எங்கள் ஊரில் இல்லை. நானும் உருவியவன்தான்.

5. ஒரு நோட்டுப் போட்டு அவள் என்ன தின்றாள், மறுநாள் எப்படி இருந்தாள் என்று தினமும் எழுதினேன். மாத்திரை கொடுக்காத நாளுக்குத் தேதியின் மேல் ஒரு புள்ளி மட்டும் வைத்தேன், அட்டை எப்போது தீரும் என்று தெரிவதற்காக. நான்கு மாதத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். ஆகஸ்டு பதினைந்து, கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். பதினாறாம் தேதி பள்ளிச் சுவரில் ஏறி நடந்தாள். ஆயுத பூசைப் பொரியில் சர்க்கரை. மறுநாள் ஒரு பையனின் சட்டையைக் கிழித்தாள். இனிப்புதான் எதிரி என்று முடிவு கட்டினேன். படிப்பு ஏறாத வீட்டில் நோட்டுப் போட்டு எழுதுகிறவன் நான் ஒருவன்தான் என்ற கர்வமும் இருந்தது.

6. அந்த நோட்டை வைத்துத்தான் பார்வை ஒன்றில் கண்ட மனுவைத் தங்களுக்கு எழுதினேன். சத்துணவு உதவியாளர் குஞ்சம்மாள் என் பிள்ளைக்குச் சோற்றோடு வெல்லக்கட்டி கொடுக்கிறார், தலைமையாசிரியர் திரு. சாமிதுரை அதைக் கண்டும் காணாமல் இருக்கிறார் என்று அதில் குற்றம் சாட்டியிருந்தேன். அது உண்மை. ஆனால் ஏன் கொடுத்தார் என்று எழுதவில்லை. மாத்திரை சாப்பிட்ட நாளில் பிரவீணாவுக்கு மதியம் பசிக்காது. தட்டைத் தள்ளிவிடுவாள். "வெறும் வயித்தோட புள்ளய எப்படிங்க வுடறது?" என்று அந்த அம்மாள் என்னிடம் கேட்டார். எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் அவரைச் சத்தம் போட்டேன். அவர் கரண்டியைக் கழுவிக்கொண்டே இருந்தார். இதற்கு அவரிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டும்.

7. இந்தப் பொங்கலுக்கு வீடு நிறையக் கரும்பு. சொந்தக்காரர் கொண்டுவந்த கட்டைத் திருப்பி அனுப்ப முடியுமா? கரும்பு தீருகிறவரை பத்தியம் இல்லை, பத்தியம் இல்லாததால் மாத்திரையும் இல்லை. ஜனவரி 14 முதல் ஒன்பது நாள் என் நோட்டில் வரிசையாகப் புள்ளிதான். 22ஆம் தேதி மதியம் ஆலை வாசலில் வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். எடை மேடைக்கு வந்த ஒரு டிராக்டரின் பாரத்து மேல், கட்டுகளுக்கு நடுவே, பள்ளிச் சீருடையில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். ஓட்டி வந்தவருக்கு அவள் ஏறியதே தெரியாது. வழியில் இரண்டு வளைவும் ஒரு பாலமும் இருக்கின்றன.

8. தலைமையாசிரியர் மறுநாள் என்னை அழைத்தார். "நாளைக்கு ஒண்ணு ஆயிட்டா நான் யாருக்குங்க பதில் சொல்றது? ஒரு புள்ளய பாத்தா மத்த நாப்பது புள்ளய யாரு பாக்கறது?" என்றார். சிறப்புப் பள்ளி திருச்சியில் இருக்கிறது, விடுதியும் உண்டு என்று சொல்லி, அதற்கு அடுத்த நாள் மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டார். நான் அவர் மேல் மனு போட்ட கோபத்தில் செய்தாரா, பயத்தில் செய்தாரா, தெரியாது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் பயந்திருப்பேன். ஒன்பது வயதுப் பிள்ளையை விடுதியில் விட என் மனைவிக்கும் மனம் இல்லை, எனக்கும் இல்லை.

9. 03.02.2007 அன்று மீண்டும் திருச்சி போய், இனிப்பை அடியோடு நிறுத்த வழி கேட்டு டாக்டர் முன் நோட்டை வைத்தேன். அவர் நான் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. தேதிகளின் மேல் விரலை வைத்து, "இந்தப் புள்ளி என்னங்க?" என்று கேட்டார். சொன்னேன். பக்கம் பக்கமாகத் திருப்பினார். சுவர் ஏறிய நாளில் புள்ளி. சட்டை கிழித்த நாளில் புள்ளி. டிராக்டர் நாளிலும் புள்ளி. "இனிப்புதான் இதுக்குக் காரணம்னு சொல்ல முடியாதுங்க. மாத்திரைய நீங்களா விட்டு விட்டுக் குடுக்கக் கூடாது" என்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. பசி எடுக்காததற்கு அளவைக் குறைத்து எழுதிக் கொடுத்தார்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எட்டு மாதம் என் முதுகை நானே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

10. இன்னும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மாத்திரை போட்ட நாளில் பிரவீணா பக்கம் முழுக்க எழுதுகிறாள், ஆனால் பாட்டுப் பாடுவதில்லை. போடாத நாளில் பாடுகிறாள், எழுதுவதில்லை. "இதுல எதுங்க நம்ம புள்ள?" என்று பரிமளா கேட்கிறாள். இரண்டும்தான் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

11. ஆகையால் பார்வை ஒன்றில் கண்ட மனுவைத் திரும்பப் பெறுகிறேன். குஞ்சம்மாள் மீதோ தலைமையாசிரியர் மீதோ எனக்குப் புகார் இல்லை. மாற்றுச் சான்றிதழை ரத்து செய்து, வரும் ஏப்ரல் மாத முழு ஆண்டுத் தேர்வை மற்ற பிள்ளைகளோடு என் மகளும் எழுத உத்தரவிட வேண்டுகிறேன். வண்டி போகும் நேரத்தில் பள்ளி வாசலில் நானோ என் மனைவியோ நிற்கிறோம். இதை எழுத்தில் உறுதி கூறுகிறேன்.

எதிர்மனுதாரர் பெயர் இல்லாத மனுவை எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று முருகையன் சொன்னார். அந்த இடத்தில் என் பெயரை எழுதிக்கொள்ள வேண்டுகிறேன். எதிர்மனுதாரர்: அ. செல்லமுத்து, மேற்படி விலாசம். விசாரணை என்றால் என்னை விசாரியுங்கள். மாற்றுச் சான்றிதழ் மட்டும் என் பிள்ளை பெயரில் வேண்டாம் ஐயா.

நேற்று மாலை பிரவீணா கரும்பு தின்றாள். நான் தடுக்கவில்லை. இன்று காலை அவளுக்கு மாத்திரை கொடுத்தேன். விழுங்கி முடிக்கும்வரை அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன், நஞ்சாகிவிடுமோ என்று. ஒன்றும் ஆகவில்லை. சீருடையைப் போட்டுக்கொண்டு, எந்தப் பள்ளிக்குப் போகட்டும் என்று கேட்டு என் அருகில்தான் உட்கார்ந்திருக்கிறாள். இந்தப் பத்தி எழுதி முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

தங்கள் பதிலை எதிர்பார்த்து,

அ. செல்லமுத்து
(மனுதாரர் மற்றும் எதிர்மனுதாரர்)

இடம்: வாகைமேடு
நாள்: 12.02.2007

இணைப்பு:
1. மாற்றுச் சான்றிதழ்.
2. மருத்துவர் எழுதிய சீட்டின் நகல்.
3. நோட்டு ஒன்று (அசல், பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். ஓரங்களில் உள்ள ஓணான் படங்கள் என் மகள் வரைந்தவை).