தெருவிலிருந்து தெரியாத கூரை

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே அம்மாவும் நானும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. நீ அனுப்பிய தைலத்தைத் தேய்க்கும்போதெல்லாம் உன்னைப் புகழ்கிறாள். நான் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. நீ கட்டிய டாக்டரம்மா வீட்டைப் பார்க்கக் கட்டடக்கலைப் பரிசுக் குழு வருகிறதாமே. வீடு பூட்டியிருக்கிறது என்று சொல்லி வாசலோடு அனுப்பிவிடச் சொல்கிறாய். சாவி என்னிடம் இருப்பது அதற்குள் உனக்குத் தெரிந்துவிட்டது. அம்மா வாயில் எதுதான் தங்கும்!

அந்த வீட்டுக்கு நான் வரைந்தது நல்ல சரிவான கூரை. ஓடு வேய்ந்தால் மழை நிற்காமல் ஓடிவிடும். நீதான், தெருவிலிருந்து பார்த்தால் கூரையே கண்ணில் படக்கூடாது, அதுதான் நவீனம் என்று சரிவை அமுக்கினாய். தாழ்ந்த கூரை ஒன்றும் பாவமில்லை. நடுவில் ஒட்டில்லாத ஒரே நீளத் தகடு வேய்ந்திருந்தால் ஒழுகாமல் தாங்கியிருக்கும். அதற்கும், "தகடு போட்டா கொட்டகை மாதிரி இருக்கும்க்கா, ஓடுதான் போட்டோல நல்லா வரும்" என்றாய்.

போட்டோ நன்றாகத்தான் வந்தது. முதல் காற்றுமழையில் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் ஏறி டாக்டரம்மா கட்டிலில் சொட்டியது. நாம் இருவரும் வேலை பார்த்த அலுவலகத்தில் எல்லோரும் பார்க்க, அக்கா வரைந்ததுதான், அவள்தான் சரிவில் கோட்டைவிட்டாள் என்று நாக்கில் நரம்பில்லாமல் சொன்னாய். முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பினார். நீ அந்தப் போட்டோவோடு விமானம் ஏறினாய். நான் மதில் சுவருக்கும் குளியலறைக்கும் படம் போட்டுக் காலம் தள்ளினேன். உன்னை நினைத்துப் பல்லைக் கடித்துக் கடித்துக் கடைவாய்ப்பல் ஆடுகிறது. பொய்யில்லை.

டாக்டரம்மா உனக்கு எத்தனையோ முறை எழுதினாராம், பதிலே இல்லையாம். கடைசியில், தப்புச் செய்தவளே வந்து சரிசெய்யட்டும் என்று என் கதவைத் தட்டினார். அந்த வார்த்தையையும் வாங்கிக்கொண்டேன். சாவியைக் கொடுத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

வேலையை இப்போதே தொடங்கலாம். தொடங்கவில்லை. குழு வரட்டும். வாளிகள் சொட்டும் இடத்திலேயே இருக்கின்றன. சுவரில் படர்ந்த பூஞ்சையைத் துடைக்கக்கூடாது என்று ஆட்களிடம் சொல்லிவிட்டேன். வானமும் நன்றாகக் கறுத்துக்கொண்டு வருகிறது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கட்டும்.

தம்பிதானே, விட்டுக்கொடு என்று அம்மா அழுகிறாள். அவளுக்காக ஒன்று செய்கிறேன். குழு வருவதற்குள் நீ நேரில் வந்து, சரிவைக் குறைத்தது யார் என்று டாக்டரம்மாவிடம் உன் வாயால் சொல். சொன்னால் சாவியை உன் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன். இல்லாவிட்டால் கதவைத் திறந்து, ஒவ்வொரு அறையாக நானே கூட்டிப்போய்க் காட்டுவேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். நீ எப்படியும் வந்துவிடுவாய் என்று அம்மா விளக்கேற்றி வேண்டிக்கொள்கிறாள். நானும் அவள் பக்கத்தில்தான் நிற்கிறேன், நீ வந்துவிடக்கூடாதே என்று.

உன் அக்கா