அக்கரைக்குப் போன புங்கமரம்

அக்கா,

கொல்லையில் கிணறு வெட்டுகிறார்கள். இன்று காலை செம்மண் முடிந்து, ஈர மணலும் உருண்டைக் கற்களும் கூடையில் ஏறி வந்தன. “ஒரு காலத்துல இங்க ஆறு ஓடியிருக்குதுங்க” என்றார் வெட்டுகிறவர். ஒரு பிடி அள்ளி முகர்ந்தேன். நம் ஊர்ச் சின்னாற்றின் வாடை. அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் தலைச்சன் பிறந்த மாதமே போய்விட்டான். ஆற்றுக்கு இக்கரையில், புங்கமரத்தடியில் புதைத்தோம். அடுத்த மழைக்கு வந்த வெள்ளம் பழைய வழியை விட்டு, நம் சோளக்காட்டைக் கிழித்துக்கொண்டு ஊர்ப்பக்கம் திரும்பியது. வடிந்தபின் போய்ப் பார்த்தால், மரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதற்கும் நமக்கும் நடுவில் ஆறு ஓடுகிறது. குழந்தையை வெள்ளம் கொண்டுபோய்விட்டது, மனசை விடு என்று ஊரார் தேற்ற வந்தார்கள். நீ கேட்கிற ஆளா? “எம்புள்ள எங்கியும் போவல தம்பி. ஆறுதான் எடம் மாறிடுச்சு” என்றாய்.

நம் ஊரில் பிணம் ஆற்றைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஆறும் பின்னாலேயே ஊருக்குள் வந்துவிடும் என்று பயம். ஒருமுறை வழிமாறி வந்த ஆற்றிடம் யார் விளையாடுவார்கள்? யுத்த காலத்தில் குளிர்காய்ச்சல் உன்னைப் படுக்கையில் தள்ளியபோது உனக்கு அந்த ஒரே கவலைதான். செத்தால் இக்கரையில் புதைத்துவிடுவார்கள். அவன் அங்கே தனியாகக் கிடப்பான்.

“உசுரோட தாண்டினா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதில்ல? தூக்கிட்டுப் போ தம்பி.”

உன்னைக் கட்டிய மாமா துண்டை எடுத்து உன்னை என் முதுகோடு சேர்த்துக் கட்டிவிட்டார்.

இடுப்பளவு தண்ணீர். உனக்குக் கனமே இல்லை. சோறு தின்பதை எப்போது விட்டாய் என்று கேலி செய்தேன். சிரித்தாயா, இருமினாயா, தெரியவில்லை. பாதி ஆற்றில், “மரம் தெரியுதா?” என்றாய். “தெரியுதுக்கா” என்றேன். அப்புறம் நீ பேசவில்லை. மரத்தடியில் இறக்கிப் படுக்கவைத்தபோது உன்னிடம் மூச்சு இல்லை.

பின்னால் தண்ணீரில் இறங்கி வந்த ஊர்ப் பெரியவர், “உசுரோடதானே தாண்டுச்சு?” என்று கேட்டார்.

“பேசிக்கிட்டேதான் வந்துச்சுங்க.”

உன் முகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “சரி, குழிய இங்கியே வெட்டுங்க” என்றார்.

எத்தனையோ மழை வந்து போயிற்று. ஆறு ஊருக்குள் வரவில்லை. ஆனால் எந்த ஆற்றில் கால் வைத்தாலும் என் முதுகில் உன் சூடு ஏறிக்கொள்கிறது. பாதி வந்ததும் நின்றுவிடுகிறேன். இன்னும் ஒரு வார்த்தை பேசு அக்கா, அப்புறம் கரையேறுகிறேன்.