தறி நின்றபோது கேட்ட மூச்சு

அன்புள்ள பாவா,

நேற்று மதியம் அம்மையார்குப்பத்தில் கரண்ட் போனது. உங்கள் முதல் வருஷத் திதி என்பதால் நம் வீட்டுத் தறிகள் ஓடவில்லை. தெருவில் மற்றவர்கள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பவர்லூமும் ஒரே மூச்சில் நின்றதும் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கை இலையிலேயே நின்றுவிட்டது. காது தானாகத் தறிக்கொட்டகைக்குப் பக்கத்து அறைக்குப் போனது. உங்கள் கட்டில் அங்கே இல்லை, நூல் சுற்றிய பாவு உருளைகளைத்தான் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பந்தியில் எல்லோரும் விசிறிக்கொண்டே கரண்டுக்காரர்களைத் திட்டினார்கள். பரிமாறிக்கொண்டிருந்த அக்கா மட்டும் என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அதே நினைப்புத்தான் என்று தெரிந்துகொண்டேன்.

இதை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் இருந்தபோது சொல்லாததை இப்போது சொல்வது என்ன வீரம் என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

அக்காவை நீங்கள் கட்டிக்கொண்ட நாளிலிருந்து உங்கள் குறட்டை எங்கள் குடும்பத்துக்குப் பெரிய பொழுதுபோக்கு. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்கு வந்தவர், மலைமேல் மண்டபத்தில் துண்டை விரித்துக் கண்ணை மூடினீர்கள். காவடியோடு வந்து பக்கத்தில் படுத்திருந்த கூட்டம் ஒவ்வொருவராக எழுந்து வேறு தூணைத் தேடிப் போனது. எழுப்பிச் சொன்னால், “ஒழைக்கிறவன் தூக்கம், அப்படித்தான் கீது மச்சான்” என்றீர்கள். பகலில் தறிக்கு முன்னால் நின்றபடியே தூங்கி விழுவீர்கள். அதற்கும் சிரித்தோம். வேலை அதிகம், பாவம் என்று அக்கா சொல்வாள். ராத்திரியில் நடுநடுவே குறட்டை நின்றால் அவளுக்கு அது விடுதலை. அந்த இடைவெளியில் தானும் தூங்கிவிடுவாள். அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்று இருபது வருஷம் யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு ஒரு காலையில் உங்கள் வாய் கோணி, வலது கை தொங்கிப்போனது. நல்லவேளை, நேரத்துக்குக் கொண்டுபோய்விட்டோம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள். பத்து நாளில் உயிருக்கு ஆபத்து இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். பேச்சு மட்டும் வரவில்லை. மற்ற வீடாக இருந்தால் அது பெரிய இடி. நம் வீட்டில் தறிச் சத்தத்துக்கு நடுவே யார் வாயால் பேசினார்கள்? எல்லாம் கைஜாடைதான். மூக்குத்தியைத் தொட்டால் அக்கா, நாக்கைத் தட்டினால் மாத்திரை விற்கும் நான். வலது கை போனதும் நீங்கள் இடது கையால் ஜாடை பேச ஆரம்பித்தீர்கள். தறி ஓட்டும் ஆட்களுக்கு அது ஒரே நாளில் பழகிவிட்டது.

தப்பு செய்தது நான்தான் பாவா. திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கம் மருந்துக்கடையில் நிற்கிறவன் என்பதால் வீட்டில் எல்லோரும் என் வாயைத்தான் பார்த்தார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது, மறைப்பானேன். ஆஸ்பத்திரியில் முதல் நாள் உங்களைத் தலையைத் தாழ்த்தி மட்டமாகப் படுக்க வைத்திருந்தார்கள். அது அந்த ஒரு நாளுக்கு மட்டும் சொன்னது. நான் அதையே வேதமாகப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் உங்கள் தலைக்கு அடியிலிருந்து தலையணையை உருவினேன். “மல்லாக்கப் படுத்தாத்தான் தலைக்கு ரத்தம் ஒழுங்கா போவும். தூங்க வுடுங்க, எழுப்பாதீங்க” என்று சட்டம் போட்டேன். தறிச் சத்தம் இல்லாவிட்டால் புரளுகிறீர்கள் என்று ராப்பகலாகத் தறி ஓடும் கொட்டகைக்குப் பக்கத்து அறையில் கட்டிலைப் போடச் சொன்னதும் நான்தான்.

நீங்கள் தூங்கினீர்கள், ஓயாமல் தூங்கினீர்கள். ஆனால் தேறவில்லை. எழுந்தால் தலைவலி, கண் செருகல். ஜாடைகூடக் குழற ஆரம்பித்தது. அக்கா பொட்டலத்தில் விபூதி வைத்துக்கொண்டு கட்டிலுக்கும் பூஜை அலமாரிக்கும் நடந்தாள். இன்னொரு அடைப்பு வந்தால் இவர் நமக்கு மிஞ்சமாட்டார் என்று எனக்கு உள்ளுக்குள் நடுக்கம். வெளியே, “தூங்குறாரு பாரு, நல்ல குறி” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது வாரம் ஒரு மதியம் கரண்ட் போனது. தறிகள் நின்றன. அறையிலிருந்து உங்கள் குறட்டை கேட்டது. ஓட்டுகிற பையன்கள் சிரித்தார்கள். குறட்டை சட்டென்று நின்றது. அறைக்குள் எட்டிப் பார்த்தேன். நெஞ்சு மேலும் கீழும் போகிறது, மூச்சு மட்டும் இல்லை. நான் வாசற்படியிலேயே நின்றேன். யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் தண்ணீரில் மூழ்கியவன் தலையைத் தூக்கியதுபோல ஒரு பெரிய இழுப்பு. மறுபடி குறட்டை. மறுபடி நிற்கிறது.

“இன்னாடா இது? தெனம் இப்படித்தானா?” என்றாள் அக்கா. போனை எடுத்து உங்கள் தலைமாட்டில் வைத்து அந்தச் சத்தத்தைப் பதிவு செய்தேன். நான் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

மறுநாள் நரம்பு டாக்டரம்மா அதை இரண்டு முறை கேட்டார். “இவர் தூங்கலைங்க. மூச்சுக்குச் சண்டை போட்டுட்டு இருக்கார்” என்றார். தூக்கத்தில் தொண்டை தளர்ந்து மூடிக்கொள்கிறது. மூச்சு நிற்கும்போதெல்லாம் மூளைக்குப் போகிற ரத்தம் ஒருமுறை ஏறும், மூச்சு வந்ததும் சரேலென்று இறங்கும். நல்ல மூளை எப்படியோ சமாளித்துக்கொள்ளும், ஏற்கெனவே அடிபட்ட இடத்துக்குத் தாங்காது. இவ்வளவையும் பொறுமையாகச் சொல்லிவிட்டுக் கேட்டார்: “மல்லாக்கப் படுத்தா இது அதிகமாகும். யாரு தலைகாணி இல்லாம படுக்க வெச்சது?”

அக்கா தரையைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். நீங்கள் சக்கர நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தீர்கள். திரும்பி வரும்போது அக்காவிடம், “பாவாகிட்ட சொல்லாத” என்று கெஞ்சினேன். அவள் ஆங் என்றாள், அவ்வளவுதான்.

தூக்கத்தில் மூச்சைப் பார்க்கும் டெஸ்ட் எடுத்து, தொண்டை மூடாமல் காற்றைத் தள்ளும் மூச்சு மிஷினும் வந்தது. மூக்கில் மாட்டுகிற முகமூடி, அதிலிருந்து ஒரு குழாய். முதல் தடவை மாட்டியதும் இடது கையால் தும்பிக்கை ஆட்டிக் காட்டினீர்கள். ஒரு வாரம் பிடுங்கி எறிந்தீர்கள். கரண்ட் போனாலும் மிஷின் நிற்கக்கூடாது என்று இன்வெர்ட்டர் வாங்கினோம். தலைமாடு உயர்ந்தது, ஒருக்களித்துப் படுக்கப் பழகினீர்கள். அறையில் குறட்டை இல்லை. அக்கா முதலில் பயந்துபோய் மூக்கில் கை வைத்துப் பார்த்தாளாம்.

சில வாரம் கழித்து ஒரு காலை நான் வந்திருந்தபோது, கட்டிலில் உட்கார்ந்து கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வாயைத் திறந்தீர்கள். “மூணாவது தறில இழை அறுந்துகினு போவுது, பாரு.” முழு வாக்கியம்! போய்ப் பார்த்தால் நிஜமாகவே அறுந்திருந்தது. அதற்கப்புறம் இழையை யார் கவனித்தார்கள்? அக்கா தறியை நிறுத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். மிஷின் மட்டும் செய்த வேலை இல்லை, மாத்திரையும் பயிற்சியும் நாளும் சேர்ந்துதான் என்றார் டாக்டரம்மா. எது செய்திருந்தால் எனக்கென்ன, அன்றைக்கு நான் பட்ட சந்தோஷம் என் கல்யாணத்தில்கூடப் பட்டதில்லை.

அப்புறம் ஐந்து வருஷம் இருந்தீர்கள். பகலில் தூங்கி விழாத ஐந்து வருஷம். வாயால் பேச்சு வந்த பிறகும் கொட்டகையில் இடது கை ஜாடைதான். ஆட்டோவில் மலைக்கு வந்தீர்கள், பேத்திக்குக் காது குத்தினீர்கள், என்னோடு அரசியல் பேசிச் சண்டை போட்டீர்கள். போன வருஷம் நெஞ்சுச் சளியும் காய்ச்சலும் மூன்றே நாளில் கொண்டுபோய்விட்டன. மூளையில் ஒன்றும் இல்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். நான் நம்பவில்லை. அந்த இரண்டு வாரத்தில் நான் ஏதோ கெடுத்துவிட்டேன், அதுதான் உங்கள் ஆயுளைக் குறைத்தது என்று ஒரு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேற்று பந்தி முடிந்ததும் அக்காவிடம் அதைச் சொல்லிவிட்டேன். “நான் செஞ்சது தெரியாமலே போயிட்டாரே அக்கா” என்றேன். அவள் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“யாருக்குத் தெரியாது? வாய்தாண்டா வரல, அறிவு இருந்துச்சில்ல. அவரு தலைக்கு அடிலந்து நீ தலகாணிய உருவுனது அவருக்குத் தெரியாதா?”

பிறகு கொட்டகையில் உங்கள் ஆட்கள் எனக்கு வைத்திருந்த ஜாடையைச் செய்து காட்டினாள். பிடரிக்குப் பின்னால் கையைக் கொடுத்து, சர்ரென்று வெளியே இழுப்பது. நான் தெருமுனையில் வரும்போதே நீங்கள் அதைக் காட்டுவீர்களாம், எல்லோரும் சிரித்துவிட்டு நான் உள்ளே நுழைவதற்குள் முகத்தைச் சரிசெய்துகொள்வார்களாம். ஐந்து வருஷம்! எனக்கு நாக்கைத் தட்டுகிற ஜாடைதான் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

“கோவம் இல்லையா அவருக்கு?”

“கோவமா? மச்சான் தலகாணிய உருவலன்னா கொறட்டை அந்த அளவுக்கு ஏறியிருக்காது, கரண்ட் போனப்போ யாரு காதுலயும் வுழுந்திருக்காது, இன்னும் ரெண்டு மாசத்துல தூக்கத்துலயே போயிருப்பேன்னுவாரு. அத்த சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. ஒங்கிட்ட சொன்னா நீ ரொம்ப பேசுவேன்னு சொல்லக்கூடாதுன்ட்டாரு.”

நான் கொட்டகைக்குள் போய் நின்று அழுதேன் பாவா. ஓட்டுகிற ஆள் ஒருவன் எட்டிப் பார்த்தான். அதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. உங்கள் கணக்கு மருத்துவப்படி சரியா என்று எனக்குத் தெரியாது, டாக்டரம்மாவைக் கேட்கவும் போவதில்லை. நீங்கள் அப்படி நினைத்தீர்கள், எனக்கு அது போதும்.

இன்று காலை கடையில், கே.ஜி.கண்டிகையிலிருந்து ஒரு அம்மா வீட்டுக்காரருக்கு மாத்திரை வாங்க வந்தார். சீட்டைப் பார்த்தாலே தெரிந்தது, பக்கவாதத்துக்கு உள்ளது. இத்தனை வருஷமும் இந்தச் சீட்டு வந்தால் வாய் திறக்காமல் மாத்திரையை மட்டும் எடுத்துக்கொடுப்பேன். எனக்கு என்ன யோக்கியதை என்று இருக்கும். இன்று கேட்டேன்.

“எப்படித் தூங்குறாருங்க?”

“நல்லா தூங்குறாருங்க, ஊரே கேக்குது” என்றார் பெருமையாக.

“ஃபேன், டிவி எல்லாத்தையும் நிறுத்திட்டு பக்கத்துல கொஞ்ச நேரம் ஒக்காந்து கேளுங்கம்மா. நடுவுல மூச்சு நின்னு நின்னு வந்தா, மாத்திரை எழுதுன டாக்டர்கிட்ட அத்த மொதல்ல சொல்லுங்க. மறக்காதீங்க.”

அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். “நீங்க டாக்டருங்களா?”

“இல்லீங்கம்மா” என்றேன். “எங்க பாவாவோட தலகாணிய உருவுனவன்.”