பத்துக்கு இரண்டு

விட்பி,
மார்ச் 9

அன்பு மகள் பெத்தனிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், பெர்த் வெயிலில் நீயும் சுகமாயிருக்க வேண்டும். என் மனசுதான் ஆறவில்லை, கோபத்தோடு எழுதுகிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

மாதவிடாய் நின்று ஆறு வருஷம் கழித்து இரத்தம் பட்டதால் செவ்வாய்க்கிழமை கருப்பைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள் அல்லவா, அதற்கு முன்னால் அனுப்பிய தாளில் லேசான அசௌகரியம், வலி மாத்திரை இரண்டு போதும் என்று போட்டிருந்தது. லேசாம்! எழுதியவனுக்குக் கருப்பை இருந்திருக்காது. குழாயை விட்டுத் தண்ணீர் பாய்ச்சியதுமே அடிவயிற்றை முறுக்கியது, பரிசோதனைக்குத் துளி சதை கிள்ளியபோது உன்னைப் பெற்ற வலியே தேவலை என்றிருந்தது. அப்போதும் நான், கையைப் பிடித்திருந்த நர்ஸிடம், "மன்னிச்சுக்கோம்மா, உன் கைய நசுக்கிட்டேன்" என்கிறேன்! பத்து நிமிஷத்தில் முடித்து, வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று அட்டை நீட்டினார்கள். நல்ல பிள்ளைகள், மனசு நோகக்கூடாதே என்று இரண்டு போட்டேன்.

வெளியே அடுத்ததாகக் காத்திருந்த ரொட்டிக்கடை டோரீன் மயக்க மருந்து கிடைக்குமா என்று கேட்டாள். நர்ஸ் என்னைக் காட்டி, "இவங்க ரெண்டுதான் போட்டாங்க, நீங்க சும்மா பயப்படுறீங்க" என்றாள். நான் சிரித்துத் தலையாட்டினேன் பெத்தனி. அப்பா காரைக் கொண்டுவருவதற்குள் உள்ளேயிருந்து டோரீன் அலறியது எனக்குக் கேட்டது. மயக்க மருந்து கேட்கலாம், எந்த நொடியிலும் நிறுத்தச் சொல்லலாம் என்பதெல்லாம் அந்தத் தாளின் பின்பக்கம் பொடி எழுத்தில் கிடக்கிறது, ஒருத்தரும் வாய்திறந்து சொல்லவில்லை. மறுநாளே போய் இரண்டை அடித்து ஒன்பது போடு என்று வரவேற்பு மேசையில் நின்றேன். "பதிவாயிடுச்சு, மாத்த முடியாதுங்க" என்றாள் அங்கிருந்த பெண். மாற்றும்வரை நகரமாட்டேன் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா, "ஊரே பாக்குது, வாம்மா போலாம்" என்று கெஞ்சினார். பார்க்கட்டும் என்றேன். ஒரு மணி நேரம் கழித்து மாற்றினார்கள்.

ஆனால் உன்னிடமும் அதே பொய்யைத்தான் சொல்லியிருக்கிறேன். செவ்வாய் சாயங்காலம் போனில் வலி ஒன்றுமே இல்லை என்றேன், உனக்கும் இதே பரிசோதனை வருகிறதே, நீயும் சந்தோஷமாக, "அப்ப நானும் மயக்க மருந்து வேணாம்னு சொல்லிடறேம்மா" என்றாய். மறுபடி போன் பண்ணினாலும் என் வாயில் ஒன்றுமில்லை என்றுதான் வரும், அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்கு எல்லாம் நல்லபடி முடியும், ஒரு குறையும் வராது. அடுத்த மாதம் இருபதாம் தேதிக்கு முன்பே கூப்பிட்டு மயக்க மருந்து வேண்டும் என்று சொல், வீட்டுக்கு அழைத்துவர ஆள் வைத்துக்கொள், இரண்டு மூன்று நாள் இரத்தம் பட்டால் பயப்படாதே. அம்மா சொன்னதை நம்பாதே, எழுதியதை நம்பு.

உன் அம்மா,
லொரெய்ன்