குமரவேல் விட்டுப்போன சேலை

ஐப்பசி, வியாழன் இரவு

இன்று குமரவேலின் தறியில் உட்கார்ந்தேன். ராணுவ ரிசர்வ் படையில் இருந்தவன். அழைப்பு வந்தால் போவான், மற்ற நாட்களில் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே தன் வீட்டில் நெய்வான். இரண்டு பெண்களுக்கு அப்பன். போன மாதம் வெள்ள மீட்புக்குப் போனவன் பெட்டியில்தான் திரும்பி வந்தான். தறியில் நிற்கும் பாதிச் சேலையை அறுக்க மனமில்லாமல், அவன் மனைவி செல்வி என்னை முடித்துத் தரச் சொன்னாள்.

நெய்கிற கை மாறினால் இழையை நெருக்கும் அடி மாறும், சேலையின் குறுக்கே கோடு விழும். அது தெரியக்கூடாது என்று அவனைப் போலவே அடித்தேன். இழைக்கு இரண்டு அடி, இரண்டாவது அழுத்தி. சுவருக்கு அந்தப் பக்கம் இத்தனை வருடம் கேட்ட சத்தம்தானே. அச்சு அசலாக வந்தது. கொஞ்சம் பெருமைகூட.

செல்வி காபி டம்ளரோடு வேகமாக வந்தாள். என்னைப் பார்த்ததும் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணா, உங்க மாதிரியே அடிங்கண்ணா. இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கினு உள்ள நிக்க முடியல."

"கோடு விழும்மா."

"விழட்டும்ணா."

டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாள். என் அடியைப் போட்டேன். கோடு விழுந்தது.

ஆறின பிறகுதான் காபியைக் குடித்தேன். சர்க்கரை இல்லை. அந்த வீட்டில் அப்படிக் குடிப்பவன் குமரவேல் மட்டும்தான்.